மரத்தில் முகம் எடுப்பது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

ஸ்க்ரோல் சா என்பது ஊசி போன்ற மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் சிறிய மேசை ரம்பம். படத்தில் கறுப்பாக உள்ள இடங்களை அறுத்தெடுத்துவிட்டுப் பின்னால் கறுப்புப் பலகை வைத்தால், மிஞ்சிய மரம் வெளிச்சமாகவும் துளைகள் நிழலாகவும் தெரிந்து முகம் உருவாகும். அதைப் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

அம்மாவின் பழைய ஸ்டூடியோப் படம் ஒன்று இருக்கிறது. கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அளவு. கைப்பேசிச் செயலியில் போட்டு இரண்டே நிறமாக்கினேன். மூக்கைக் காணோம்; கூந்தல் மைக்கறையாகிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஈசூன்

முகம் முழுவதற்கும் ஒரே இருட்டு அளவை வைத்ததால் வந்த கோளாறு இது. நெற்றிக்குப் பொருந்தும் அளவு கண்ணுக்குப் பொருந்தாது. கண்ணுக்குப் பொருந்துவது கூந்தலை விழுங்கிவிடும். ஆகவே ஒரே படத்தை மூன்று முறை மாற்றி, பிறகு மூன்றையும் ஒன்றாக்க வேண்டும்.

படத்தை ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படம் என்பதால் அங்குலத்துக்கு 600 புள்ளி தேவை. இலவச மென்பொருளான கிம்ப்பில் திறந்து பின்னணியை வெள்ளையாக்குங்கள். லேசாக ஒருமுறை மங்கலாக்கினால் பழைய தாளின் பொடிப்பொடிப் புள்ளிகள் அடங்கிவிடும். பிறகு இருட்டு அளவை மாற்றும் 'திரெஷோல்ட்' வசதியை நகர்த்தி மூன்று நகல்கள் எடுங்கள்: கண், புருவம், உதடு தெளிவாக இருப்பது ஒன்று, மூக்கு நிழலும் தாடையும் தெரிவது ஒன்று, கூந்தலின் வெளிச்சக் கீற்றுகள் தெரிவது ஒன்று. மூன்றையும் அடுக்குகளாக வைத்து வேண்டாததை அழித்துக்கொண்டே வந்தால் அம்மாவின் முகம் திரும்பும். மூக்குக்கு முழுக்கோடு போடாதீர்கள். நாசித் துளைகளும் ஒரு பக்க நிழலும் போதும். மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. வெள்ளைப் பகுதி எல்லாம் மரம். ஒவ்வொரு வெள்ளையும் இன்னொரு வெள்ளையோடு ஒட்டி, கடைசியில் வெளிச்சட்டம் வரை தொடர வேண்டும். சுற்றிலும் கறுப்பு சூழ்ந்த வெள்ளை ஒரு தீவு. அறுத்ததும் கீழே விழுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. வண்ணம் ஊற்றும் வாளிக் கருவியை எடுத்து, ஓரத்து வெள்ளையில் ஒருமுறை சிவப்பை ஊற்றுங்கள். சிவக்காமல் எது வெள்ளையாகவே நிற்கிறதோ அது தீவு. அதற்கு 2 மி.மீ. அகலத்தில் ஒரு பாலம் வரையுங்கள். பாலம் நிழலின் போக்கிலேயே செல்லட்டும், குறுக்கே கோடு கிழித்ததுபோல் இருக்க வேண்டாம்.

கருவிழிக்குள் இருக்கும் வெளிச்சப்புள்ளியும் தீவுதான். தொல்லை என்று அதை விட்டுவிடாதீர்கள். அது போனால் பார்வை செத்துவிடும். மேலிமையிலிருந்து ஒரு சிறு நாக்குப்போல அதை இறக்கிவிடுங்கள்.

நம் வீட்டுப் பெண்களின் படங்களில் வரும் வேறு சிக்கல்களும் உண்டு. பொட்டு கறுப்பு, எனவே ஒரு துளை, தொல்லையில்லை. மூக்குத்தி வெள்ளையாக மின்னுவதால் கன்னத்தின் வெள்ளையில் கரைந்துவிடும். அந்த இடத்தில் 1.5 மி.மீ. டிரில் துளை ஒன்று போட்டால் மூக்குத்தியாகவே தெரியும். கறுத்த கூந்தலில் வெள்ளை மல்லிகைச் சரம் அத்தனையும் தீவுகள். ஒரு நுனியைக் காதோடும் மறு நுனியைப் பின்னணியோடும் இணையுங்கள். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை வட்டமாக முழுதும் அறுத்தால் கண்ணே கழன்று வந்துவிடும். ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு மூன்று இடங்களில் சட்டத்தை உடைத்து விடுங்கள்.

முதல் முயற்சிக்கு ஏ4 தாளில், முகம் மட்டும் 15 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 1.5 மி.மீ.-க்குச் சிறிய கறுப்புப் புள்ளிகளில் பிளேடு திரும்ப இடமிராது, அழித்துவிடுங்கள். அச்செடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை நீக்கி 100 விழுக்காட்டில் எடுங்கள்.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு மாணவர்களோடு பாரதியார் உருவம் செய்கிறோம். முண்டாசு பின்னணியோடு கலந்து காணாமல் போகிறது. கீழே 'பாரதியார்' என்று எழுத்தும் வேண்டும்.
– தமிழாசிரியர், ஜூரோங் வெஸ்ட்

வெள்ளை முண்டாசும் வெள்ளைப் பின்னணியும் இரண்டும் மரமாகிவிடுவதால் வரும் சிக்கல். முண்டாசைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போட்டு ஒப்பேற்றுவார்கள். அது அட்டைப்படம்போல் ஆகிவிடும். அதைவிட, பின்னணியையே விட்டுவிடுங்கள். முகத்தின் உள்வேலைகள் எல்லாம் முடிந்தபின் கடைசியாக முண்டாசு, தோள் இவற்றின் வெளிவிளிம்பைச் சுற்றி அறுத்து உருவத்தைத் தனியே எடுங்கள். கறுப்பு பூசிய 6 மி.மீ. பலகையில் ஒட்டினால் முண்டாசு தானாக எழுந்து நிற்கும். துணி மடிப்புகளுக்கு நான்கைந்து வளைந்த நிழல்கோடுகள் போதும். பாரதி அணிந்த கோட்டும் கறுப்பு, பலகையும் கறுப்பு என்பதால் தோள் இருட்டில் கரையும். சட்டைக் கழுத்தையும் கோட்டின் மடிப்போரங்களையும் மட்டும் மரமாக நிறுத்துங்கள்.

மீசையில் கவனம் வேண்டும். மூக்கின் கீழ் நிழல், மீசை, வாயின் இருட்டு மூன்றும் சேர்ந்து ஒரே பெரிய ஓட்டையாகிவிடக்கூடும். மீசைக்கு நடுவில் ஒரு வெளிச்சக் கீற்றை விட்டு மூக்கையும் உதட்டையும் இணையுங்கள். முறுக்கின் நுனி கூர்மையாக முடியட்டும். பாரதி என்று எட்டத்திலிருந்தே சொல்வது கண்ணும் அந்த நுனியும்தான்.

எழுத்து விஷயத்தில், துளையாக அறுப்பதா, தனித்துண்டாக அறுத்து ஒட்டுவதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். துளையாக அறுத்தால் ண, ன போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் மரம் விழுந்துவிடும். சுழியைச் சற்றே திறந்து விட வேண்டும். தனித்துண்டாக அறுத்தால் சுழி தப்பிக்கும், ஆனால் 'ர்' மேல் உள்ள புள்ளி தனியே வந்து தரையில் தொலையும். புள்ளிகளுக்கு 5 மி.மீ. வட்டக் குச்சியிலிருந்து மெல்லிய வில்லைகளாக நறுக்கி ஒட்டுவது நேர்த்தியாக இருக்கும்.

பல வகுப்புகளுக்கு வேண்டுமானால் 3 மி.மீ. பிளைவுட் மூன்றை அடுக்கி, நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒரே தடவையில் அறுக்கலாம். அதற்கு மேல் அடுக்கினால் அடித்தட்டு முகம் கோணும்.

முகத்துக்குச் சுருள் பிளேடு நல்லதா, தட்டைப் பிளேடு நல்லதா? எந்த எண் வாங்குவது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

ஸ்க்ரோல் சா பிளேடு எல்லாம் ஏறக்குறைய 130 மி.மீ., அதாவது 5 அங்குல நீளம். நுனியில் குறுக்கே சிறு ஆணி உள்ளது ஒரு வகை, வெறும் நுனி உள்ளது இன்னொரு வகை. ஆணி நுழைய வேண்டுமென்றால் பெரிய துளை போட வேண்டும், முகத்தில் அதற்கு இடமில்லை. எனவே வெறும் நுனி பிளேடைப் பிடிக்கும் இயந்திரம்தான் இந்தக் கலைக்கு ஏற்றது.

தட்டைப் பிளேடின் வெட்டு சுத்தமானது, ஓரம் கண்ணாடிபோல் வரும். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் பலகையைத் திருப்ப வேண்டும். தொண்டை ஆழம், அதாவது பிளேடிலிருந்து பின்தூண் வரை உள்ள தூரம், 16 அங்குலம் உள்ள ரம்பத்தில் ஏ3 பலகையைச் சுற்றித் திருப்ப முயன்றால் பின்தூணில் இடிக்கும். சுருள் பிளேடு கயிறுபோல முறுக்கியது. எல்லாப் பக்கமும் பல் இருப்பதால் பலகையைத் திருப்பாமல் முன்பின், இடவலம் நகர்த்தினாலே அறுக்கும். நூறு சிறு துளைகள் கொண்ட முகத்துக்கு அது பெரிய வசதி. விலையும் உண்டு: தடம் சுமார் 0.8 மி.மீ. அகலம், அடிப்பக்கம் பஞ்சுபோல நார் நிற்கும், மர ரேகையின் போக்கில் கையை இழுத்துக்கொண்டு ஓடும், கூரான மூலை வராது.

எங்கள் தேர்வு கலப்பு முறை. (எண் கூடக் கூடப் பிளேடு தடிக்கும்; 2/0 என்பது எண் 1-ஐவிட மெல்லியது.) கூந்தல், தாடி, துணி மடிப்பு ஆகியவற்றுக்கு 2/0 சுருள். கண், உதடு, கண்ணாடிச் சட்டம், எழுத்து ஆகியவற்றுக்கு எண் 1 அல்லது 2/0 தட்டை. 6 மி.மீ. பலகையின் வெளிவிளிம்புக்கு எண் 3 அல்லது 5. தட்டையில் 'ரிவர்ஸ் டூத்' எனப்படுவதைக் கேட்டு வாங்குங்கள். அதன் கீழ்ப்பகுதியில் சில பற்கள் மேல்நோக்கி இருப்பதால் அடிப்பக்கம் சிதறாது. பிளேடு உச்சிக்கு ஏறும்போது அந்த மேல்நோக்கிய பற்களில் இரண்டு மூன்று மேசைக்கு மேல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிளேடைச் சற்று ஏற்றிப் பூட்டுங்கள்.

புதியவர்களைக் குழப்பும் ஒன்று: தட்டைப் பிளேடு நேரே தள்ளினாலும் ஒருபக்கமாக விலகும். பற்களை வெட்டும்போது ஒரு பக்கத்தில் பிசிறு தங்கிவிடுவதே காரணம். பிளேடும் கெடவில்லை, உங்கள் கையும் கெடவில்லை. பலகையை நான்கைந்து பாகை சாய்த்து ஊட்டப் பழகுங்கள். அரை மணி நேரத்தில் கை தானாகத் திருத்திக்கொள்ளும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு பிளேடு உடைகிறது. பிளேடு மட்டமானதா?
– வாசகர், தெம்பனிஸ்

எங்கே உடைகிறது என்று பாருங்கள். நடுவில், மரத்தின் உயரத்தில் உடைந்தால் நீங்கள் தள்ளுகிறீர்கள், அல்லது பிளேடு மழுங்கிவிட்டது. பிளைவுட்டின் பசை இரும்பைச் சீக்கிரம் மழுக்கும். மெல்லிய பிளேடு 15, 20 நிமிட வெட்டுக்கு மேல் உழைக்காது. அது செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியது. மேல் அல்லது கீழ்ப் பிடிக்கு ஒட்டி உடைந்தால் பிளேடு கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறது. உடையாமல் நழுவி வெளியே வந்தால் பிளேடில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கிறது. இரு நுனியையும் 220 உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்து, பிடியின் உட்புறத்தைச் சாராயத்துணியால் துடையுங்கள்.

இழுவிசையை விரலால் சோதிக்கலாம். வீணைத் தந்திபோல் மீட்டினால் தெளிந்த ஒலி வர வேண்டும். 'டப்' என்று செத்த ஒலி வந்தால் தளர்வு. பக்கவாட்டில் விரலால் தள்ளினால் 2, 3 மி.மீ.-க்கு மேல் நகரக்கூடாது. சுருள் பிளேடு ஓட ஓட நீளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறுக்குங்கள்.

3 மி.மீ. பலகை அறுக்கும்போது பிளேடின் ஒரே சில பற்கள்தான் தேய்கின்றன, மேலே உள்ளவை புதிதாகவே இருக்கின்றன. மேசைமேல் 6 மி.மீ. தட்டு ஒன்றை ஒட்டி அதன்மேல் வேலை செய்தால் புதிய பற்களுக்கு வேலை கிடைக்கும். ஒரு பிளேடு ஒன்றரை பிளேடாக உழைக்கும்.

நான் வாங்கிய பிளைவுட் வீட்டில் இரண்டே வாரத்தில் அப்பளமாக வளைந்துவிட்டது. அறுத்தாலும் பலகையின் மேல்தோல் உரிகிறது.
– வாசகர், சுவா சூ காங்

இரண்டுக்கும் பலகையே காரணம். பெட்டிகளுக்கும் அலமாரி முதுகுக்கும் விற்கப்படும் வெப்பமண்டலப் பிளைவுட்டில் மேல்தோல் தாள்போல மெல்லியது, நடுத்தட்டு தடித்தது, உள்ளே வெற்றிடங்களும் இருக்கும். மெல்லிய பாலம் அந்த வெற்றிடத்தின்மேல் வந்தால் பொடிந்துவிடும். முகவேலைக்குப் பால்டிக் பிர்ச் பிளைவுட் கேளுங்கள். அதன் தட்டுகள் ஒரே தடிமன், ஒரே மரம், 3 மி.மீ.-இல் மூன்று தட்டு, 6 மி.மீ.-இல் ஐந்து. வெளிர்நிறம் என்பதால் கறுப்புக்கு எதிரே முகம் பளிச்சென்று தெரியும். சுங்கை காடூட் பக்கத்து மரக்கடைகளில் முழுத்தாள் வாங்கி அங்கேயே நறுக்கித் தரச் சொல்லலாம். ஏ4, ஏ3 துண்டுகள்தான் வேண்டுமென்றால் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் கலைப்பொருள் கடைகளில் விசாரியுங்கள்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் அதிகம். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு முகம் ஈரத்தைக் குடிக்கும், மறுமுகம் குடிக்காது, அதனால்தான் வளைகிறது. படுக்கையாக, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். கட்டிலுக்கடி நல்ல இடம். வளைந்துவிட்டதைத் தூக்கி எறிய வேண்டாம்: குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி, கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விடுங்கள். பெரும்பாலும் திரும்பிவிடும். முடிப்பு எண்ணெயோ வார்னிஷோ பூசும்போது முன், பின் இரண்டுக்கும் ஒரே அளவு பூச வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

முழுமரத்தில் செய்ய ஆசைப்படுவோருக்கு: தேக்கு அழகுதான், ஆனால் அதிலுள்ள சிலிக்கா பிளேடைத் தின்றுவிடும். ஜெலுத்தோங் என்ற மரம் வெண்ணெய்போல வெட்டும். ஆனால் எந்த முழுமரத்திலும் ரேகைக்குக் குறுக்கே போகும் மெல்லிய பாலம் தொட்டதும் முறியும். அந்தத் தொல்லை பிளைவுட்டில் இல்லை. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை: ஈரம் பட்டால் ஊதும், மெல்லிய பாலம் பொரிகடலைபோல் உடையும், அதன் தூளில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் இருக்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையில்லாமல் செய்ய முடியுமா? வீட்டிலுள்ள 'பாம் ஷெல்டர்' எனும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, பொங்கோல்

ஸ்க்ரோல் சாவின் ஓசை தையல் இயந்திரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். கீழ்வீட்டுக்குக் கேட்பது ஓசையைவிட அதிர்வு. அது தரை வழியாக இறங்குகிறது. ரம்பத்தைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மேசையின் ஒவ்வொரு காலுக்கும் கீழே 10 மி.மீ. ரப்பர்த் துண்டு வையுங்கள். மேசையை இருவீட்டுப் பொதுச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பிளேடு நிமிடத்துக்கு 1,600 தடவை ஏறி இறங்கும்படி ஓட்டாமல் 800, 900-க்குக் குறைத்தால் அதிர்வு வெகுவாகக் குறையும். முகவேலைக்கு அந்த வேகமே போதும். அண்டைவீட்டு ஓசை பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு 2022-இல் பரிந்துரைத்த அமைதி நேரம் இரவு 10 முதல் காலை 8 வரை. அதற்குள் கைவைக்காதீர்கள்.

பாம் ஷெல்டரின் தடித்த கான்கிரீட் ஓசையை அடக்கும் என்பது உண்மை. ஆனால் காற்றோட்டம் இல்லாத சிறிய அறை; மரத்தூள் அப்படியே மிதந்து நிற்கும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. பொழுதுபோக்கு அளவு குறைவுதான், என்றாலும் மூடிய அறையில் வேண்டாம். சன்னல் அருகே வையுங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள், தூசி உறிஞ்சியின் குழாயை மேசைக்கடியில் பிளேடுக்கு அருகே கட்டுங்கள். மூக்குக்கு முன்னால் தூளை ஊதும் சிறுகுழாய் கோட்டைத் தெளிவாக்கும், ஆனால் தூளை உங்கள் முகத்துக்கே அனுப்பும். அதன் வாயைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

பொது நடைபாதையில் மேசை போட வேண்டாம். தீப்பாதுகாப்புக்கு 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும், தூளும் எல்லார் வீட்டுக்கும் போகும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் தம் ரம்பத்தைத் தருவதாகச் சொல்கிறார். இங்கே ஓடுமா?
– வாசகர், பிடோக்

தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரே சொருகினால் மோட்டார் கருகும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. சாதாரண இண்டக்ஷன் மோட்டாராக இருந்தால் மெதுவாக ஓடிச் சூடேறும். வேகக் கட்டுப்பாடுள்ள டிசி மோட்டாராக இருந்தால் போதிய வாட் அளவுள்ள டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும். கப்பல் செலவையும் கூட்டிப் பார்த்தால் இங்கேயே பழையது வாங்குவது மேல். வாங்கும்போது மேல்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் பேரிங் போய்விட்டது, விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்து கடைசியில் கண்ணிமை முறிந்துவிட்டது. வரிசை தவறா?
– வாசகி, செங்காங்

ஆம். பலகை முழுதாக இருக்கும்போதுதான் அதற்கு வலு அதிகம். நுணுக்கமானதை அப்போதே முடித்துவிட வேண்டும். கண்களிலிருந்து தொடங்குங்கள், பிறகு மூக்கு, உதடு, அப்புறம் கூந்தலின் சிறு கீற்றுகள், பெரிய கறுப்புப் பகுதிகளைக் கடைசிக்கு வையுங்கள். பெரிய ஓட்டை ஒன்று விழுந்துவிட்டால் அதை ஒட்டிய மரம் ஓலைபோல் துடிக்கும். ஒரு பகுதி ஏற்கெனவே வலுவிழந்திருந்தால், அறுத்தெடுத்த துண்டுகளையே அவற்றின் குழிக்குள் திரும்ப வைத்துப் பின்புறம் டேப் ஒட்டிவிட்டு மீதியை அறுங்கள்.

நுழைதுளைகளையும் ஒரேயடியாக முதலில் போட்டுவிடுங்கள். ஏ4 முகத்தில் 80 துளை வருவது சாதாரணம். 2/0 சுருளுக்கும் எண் 1 தட்டைக்கும் 1 மி.மீ. டிரில் போதும். துளையைக் கறுப்பின் நடுவில் போடாமல், ஒரு கூர்மூலைக்கு அருகே போடுங்கள். அந்த மூலையில் பிளேடைத் திருப்பும் சிரமம் மிச்சம். அடியில் கழிவுப் பலகை வைத்துத் துளையிட்டு, பிறகு பின்புறம் எழும்பிய பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிசிறு இருந்தால் பலகை மேசைமேல் தட்டையாக உட்காராது, அறுக்கும்போது துள்ளும். இமைகள் முறிவதில் பாதி இந்தத் துள்ளலால்தான்.

முறிந்த இமையை ஒட்டலாம். துண்டு கிடைத்தால் இடுக்கியால் வைத்து, பல்குத்தும் குச்சி நுனியில் சூப்பர் குளூ ஒரு சொட்டு. பசை முன்முகத்துக்கு வழிந்தால் அந்த இடத்தில் எண்ணெய் ஏறாமல் வெளிறித் தெரியும். எனவே பின்புறத்திலிருந்தே வையுங்கள்.

தாள் பாதியில் உரிந்துவருகிறது. முழுக்க ஒட்டினால் பிறகு போகவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், அங் மோ கியோ

மரத்தின்மேல் முதலில் நீல நிற பெயிண்டர் டேப்பை ஒட்டுங்கள். அதன்மேல் ஸ்பிரே பசையால் தாள். தாளின்மேல் ஒளிபுகும் பெட்டி டேப் ஓர் அடுக்கு. பசை மரத்தில் படாததால் கடைசியில் எல்லாம் ஒன்றாக உரிந்துவரும். உரிக்கும்போது மெல்லிய பாலங்களின் நீளப்போக்கிலேயே மெதுவாக இழுங்கள். பிடிவாதம் பிடித்தால் முடி உலர்த்தியால் சூடு காட்டுங்கள். மேலே உள்ள பெட்டி டேப் அறுக்கும் பிளேடுக்கு வழுவழுப்புத் தந்து மரம் கருகாமலும் காக்கும்.

அறுத்து முடித்த முகத்தை எப்படிப் பதப்படுத்துவது? பின்னால் எதை வைப்பது?
– வாசகர், தோ பாயோ

தேய்க்கும் வேலையில் பெரும்பகுதியை அறுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்: 180, பிறகு 220. அறுத்தபின் அழுத்தித் தேய்த்தால் ஏதாவது முறியும். அடிப்பக்கத்து நாரை 220 உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, எடை போடாமல் வட்டமாக ஓட்டி எடுங்கள். துளைகளுக்குள் ஊசி அரம்.

தூரிகை முகத்தின் நுனிகளில் மாட்டி இழுக்கும். அதனால் டேனிஷ் ஆயிலைத் தட்டையான தட்டில் ஊற்றி, முகத்தை அதில் அமிழ்த்தி எடுத்து, பத்து நிமிடம் சாய்த்து வடியவிட்டுத் துணியால் ஒற்றுவதே நல்ல வழி. பிர்ச்சின் நிறம் லேசாகத் தேன்போல் மாறும். வெளிறிய நிறமே வேண்டுமென்றால் தெளிந்த அக்ரிலிக் ஸ்பிரேயை மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒரே கனத்த பூச்சு துளைகளின் ஓரத்தில் கண்ணீர்போல் தேங்கும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் ஸ்பிரே அடித்தால் பூச்சு பால்போல் வெளுக்கும்.

எண்ணெய் துடைத்த துணி பற்றி மிகக் கண்டிப்பாகச் சொல்கிறோம். டேனிஷ் ஆயில்போல ஆளிவிதை எண்ணெய் கலந்தவை உலரும்போது சூடாகும். கசக்கிக் குப்பையில் போட்ட துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்தி விறைத்தபின் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். குப்பைக்குழாயில் அப்படியே போட வேண்டாம்.

பின்புறத்துக்குக் கறுப்பு ஃபெல்ட் துணி ஆழமான கறுப்பைத் தரும், ஆனால் தூசியைப் பிடிக்கும். மேட் கறுப்பு பூசிய பலகை துடைக்க எளிது. முகத்துக்கும் பலகைக்கும் இடையே ஓரங்களில் 3 மி.மீ. துண்டுகள் வைத்து உயர்த்தினால் உண்மையான நிழல் விழும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையைப் பின்புறத்தில் புள்ளிகளாக மட்டும் வையுங்கள். அதிகம் வைத்தால் துளைகள் வழியே பிதுங்கும், கறுப்பின்மேல் காய்ந்த பசை பளபளக்கும்.

நடிகர்களின் முகங்களை அறுத்து விற்கலாமா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

நீங்கள் எடுக்காத புகைப்படத்திலிருந்து வரைபடம் செய்து விற்க, படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். காசு கொடுத்து எடுக்கச்சொன்ன படமென்றாலும் கவனம். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்த 2021 நவம்பர் 21 முதல், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் எடுத்த புகைப்படக்காரருக்கே உரிமை. திருமணப் படம் ஒன்றை அறுத்துத் தரச்சொல்லி வாடிக்கையாளர் வந்தால் எடுத்தவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள்.

என் பத்து வயது மகனுக்கும் ஆசை. ரம்பத்தைத் தொட விடலாமா?
– வாசகி, ஈசூன்

மின்ரம்பத்துக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும். ஃப்ரெட் சா எனப்படும், மெல்லிய பிளேடு கொண்ட கைரம்பம் வாங்கிக் கொடுங்கள். மேசை ஓரத்தில், நடுவே 'வி' வடிவ வெட்டுள்ள சிறு பலகையை இறுக்கிப் பொருத்தி, அதன்மேல் 3 மி.மீ. பிளைவுட்டை வைத்து அறுக்கலாம். பிளேடின் பற்கள் கைப்பிடியை நோக்கிக் கீழ்ப்பார்த்து இருக்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். முதலில் நான்கைந்து பெரிய கறுப்புத் திட்டுகளே உள்ள ஒரு முகம், யானையாகவோ பூனையாகவோ இருக்கட்டும். கண்ணாடி அணிவித்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.